சொல்லாமல் விட்ட கதை

தொடர்கதை எழுதுகிறவனுக்கு, அத்தியாயத்தை அனுப்பியாகவேண்டிய நாளுக்கு முந்திய இரவு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதிரிமார்களுக்குச் சனிக்கிழமை இரவும் அப்படித்தான் என்பதை மண்ணூரில் தெரிந்துகொண்டேன்.

மண்ணூர் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஊர். ஏரியும் நெல்லுமாக இருந்த பிரதேசம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் தயாராகத் தொடங்கிய பிறகு, ஒரகடம் வரையில் தகரக் கூரைகள் விளைந்துவிட்டன. நடுநிசியிலும் ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. அங்கே ஒரு சிறு சபைக்கு என் நண்பர் போதகர். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் தங்க நேர்ந்தது.

சாப்பாடு முடிந்ததும் மனிதர் மேஜைக்குப் போய்விட்டார். எழுதுவார், அடிப்பார், காகிதத்தைக் கசக்குவார். பதினொரு மணிக்கு அவர் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தார். அது ஆறி ஆடை படிந்தது.

"என்ன வசனம், ஐயா?" என்று கேட்டேன்.

மத்தேயு இருபதாம் அதிகாரம் என்றார். திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலையிலிருந்து பொழுது சாயும் வரையில் ஐந்து தடவை கடைவீதிக்குப் போய் ஆட்களைக் கூட்டிவருகிறான். மாலையில், நாளெல்லாம் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறான்.

"படிக்கச் சுலபம், ஸார். இந்த ஊரில் பிரசங்கிப்பதுதான் கஷ்டம். என் சபையில் நிரந்தரத் தொழிலாளி இருக்கிறார்; அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்கிற ஒப்பந்தத் தொழிலாளியும் இருக்கிறான். 2014 நவம்பரில் நோக்கியா தொழிற்சாலை நின்றபோது வேலையிழந்த பெண் இருக்கிறாள். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது நியாயம் என்பவரும் தவறு என்பவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காருகிறார்கள். கூலியைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவருக்குக் காயம்."

சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். சபைப் பையன் ஒருவனுக்கு ஒப்பந்தம் முடிந்து வேலை போய் மூன்று மாதம் ஆகிறதாம். அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் சீருடை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவுடன் புறப்பட்டுவிடுகிறான். பகல் முழுவதும் காண்டிராக்டர்களின் வாசலில் நின்றுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்புகிறான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஐயா, பிரசங்கம் கிடைத்துவிட்டதே! உங்கள் கடைவீதி ஆள் இவன்தான். பெயரைச் சொல்லவேண்டாம், சீருடையையும் டிபன் டப்பாவையும் மட்டும் சொல்லுங்கள். ஒரு கண் உலர்ந்திருக்காது."

"அவன் அம்மா பெண்கள் வரிசையில் இருப்பாள்."

நான் விடவில்லை. "ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் என்ன செய்தார்? திருக்கோஷ்டியூரில் ரகசியத்தைக் கோபுரத்தில் ஏறியல்லவா சொன்னார்!"

போதகர் சிரித்தார். "அந்த வரலாறு எனக்கும் தெரியும், ஸார். சொன்னால் நரகம் என்றார் குரு. நரகத்துக்கு நான் போகிறேன், கேட்டவர்கள் கடைத்தேறட்டும் என்றார் இவர். நஷ்டத்தைத் தாம் ஏற்றுக்கொண்டார். இந்தப் பையன் கதையைச் சொன்னால் பெயர் எனக்கு, நஷ்டம் அவனுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷங்களுக்கு முன் என் அத்தையின் துக்கம் ஒன்றைக் கதையாக்கினேன். பெயரை மாற்றியிருந்தேன், அவள் மூக்குத்தியை மாற்றவில்லை. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அத்தை அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இதை அன்றிரவு போதகரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

காலையில் அவர் கூலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. வேலை கிடைக்காமல் பொழுதெல்லாம் நின்றவர்களைப் பற்றியே பேசினார். உழைத்தவன் உடம்பு வலித்தது. நின்றவன் மனசு வலித்தது. தோட்டக்காரன் அந்த வலிக்கும் கணக்குப் பார்த்தான் என்றார். சீருடை இல்லை, டிபன் டப்பா இல்லை. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் முழுவதும் அந்தப் பையன் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு இளைஞர்கள் இருந்தார்கள். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். எல்லாரும் அவனாகவே தெரிந்தார்கள். ஆராதனை முடிந்ததும் நரைத்த தலைக்காரர் ஒருவர் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பற்றித்தானே ஐயா சொன்னீங்க?" என்றார்.

இதை எழுதலாமா என்று போதகருக்குக் கடிதம் போட்டேன். பையனிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. எட்டு மாதம் கழித்து இரண்டு வரியில் இன்னொரு கடிதம்: அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான், இனி எழுதலாம்.

எழுதிவிட்டேன். அத்தையிடம் கேட்கத்தான் இப்போது வழியில்லை.