சிரபுஞ்சிக்கு மூட்டை கட்டுதல்

உலகில் மிகுதியாக மழை பெய்யும் ஊர் சிரபுஞ்சி என்று பூகோளப் பாடத்தில் நெட்டுருச் செய்யாதவர் நம்மில் அரியர். கல்கத்தா என்றே நாம் இன்றும் வழங்கிவரும் கொல்கத்தாவில் குடியேறிய குடும்பங்களுக்கு அவ்வூர் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. ஹௌராவில் மாலை ரயிலேறினால் மறுநாள் குவாஹாத்தி. அங்கிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். ஷில்லாங்கிலிருந்து சிரபுஞ்சி 54 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரை எங்கேனும் அழைத்துச் செல்லலாம் என்று பேச்செடுத்தால், "அந்த மழை ஊரைத்தான் பார்த்துவிடலாமே" என்று அவர்களே ஆவலுடன் கேட்கிறார்கள். சீட்டு வாங்குவது எளிது. மூட்டை கட்டும்போதுதான் வீடு இரண்டுபடுகிறது.

முதலில் மழையின் அளவைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். சென்னையில் ஓராண்டில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். சிரபுஞ்சியின் சராசரி ஏறக்குறைய 11,800. பக்கத்திலுள்ள மௌசின்ராம் சராசரியில் இதனைச் சற்று முந்திவிட்டது. ஆயினும் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் பெய்த சாதனை சிரபுஞ்சியுடையதே. வங்கக் கடலில் எழும் ஈரக்காற்று வங்காள தேசத்துச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, காஸி மலையின் செங்குத்தான தென்சரிவில் மோதி மேலெழுகிறது. சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைக்கு அப்பால் மறைவாக இருக்கும் ஷில்லாங்குக்குக் கிடைப்பது சுமார் 2,200 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணங்களில் நாம் நடமாட வேண்டியிருக்கிறது. கல்கத்தாவின் புழுக்கத்தில் நின்று பெட்டியை அடுக்குகையில் இது மனத்தில் படுவதே இல்லை. மே மாதத்தில்கூட ஷில்லாங்கில் பகல் வெப்பம் 24 பாகையை ஒட்டியே நிற்கும். இரவில் 16 பாகைக்கு இறங்கும்.

நம் வீடுகளில் துணி என்றால் பருத்திதான். வேட்டி, துண்டு, நூல் புடவை, பனியன் எல்லாம் நம் ஊர் வெயிலுக்குத் தெய்வம் தந்தவை. மலை மழையிலோ அவை பகையாகின்றன. பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். உடம்பின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். அறுபது எழுபது வயதினர் ஈரப் புடவையுடன் இரண்டு மணி நேரம் வண்டியில் அமர்ந்திருந்தால் இரவே காய்ச்சல் கண்டுவிடலாம். பெரிய மருத்துவமனைக்கு ஷில்லாங் திரும்பவேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் அந்த 54 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரமாகும் என்று ஓட்டுநரும் சொல்லமாட்டார். வாழ்நாளில் ஒருமுறை வந்த பெரியவர்கள் விடுதி அறையில் போர்த்திப் படுத்தபடி ஜன்னல் வழியே சிரபுஞ்சியைப் பார்த்துத் திரும்பும்படி நேரலாகாது.

மடி பார்க்கும் பாட்டிமார் உடன் வந்தால் சிக்கல் வேறு. முதல்நாள் துவைத்து உலர்த்திய புடவையை மறுநாள் உடுத்துவது அவர்கள் நியமம். ஜூன் மாதத்துச் சிரபுஞ்சியில் கொடியில் போட்ட நூல் புடவை மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும். இதற்கு விடை நம் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. பட்டும் கம்பளித் தாவளியும் அன்றாடம் துவைக்காமலே மடியாகக் கொள்ளப்படுபவை அல்லவா? பட்டு மெல்லியது, விரைவில் உலரும், குளிருக்கும் இதமானது. பழைய பட்டுப் புடவை இரண்டை எடுத்து வைத்தால் பாட்டியின் ஆசாரமும் காப்பாற்றப்படும், உடம்பும் காப்பாற்றப்படும். மருமகளின் சொல்லைக் கேளாதவர்களும் இந்த நியாயத்துக்கு இணங்கியதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

குவாஹாத்தியில் ஏறும் சுமோ வண்டியில் பெட்டிகள் கூரைமேல் போய்விடும். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்கள். காற்று அதனைத் தூக்கும். மழை உள்ளே புகும். எனவே ஒவ்வொருவர் துணியையும் தனித்தனியே தடித்த பாலிதீன் உறையில் கட்டிப் பெட்டிக்குள் வைப்பதே பாதுகாப்பு. (அவ்வுறைகளைத் தவறாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அம்மலையில் எறிந்துவிட்டு வருவது நமக்கு அழகன்று.) அன்றிரவுக்கு வேண்டிய மாற்றுடை, மருந்து, கைப்பேசிக்குரிய மின்கலம் ஆகியவை மடியில் வைத்துக்கொள்ளும் சிறு பையில் இருக்கட்டும். ஒரு தொகுதி உடையை மட்டும், எத்தனை ஆசை வந்தாலும், படுக்கப் போகும்வரை பிரிக்கலாகாது.

குடை ஷில்லாங் கடைவீதிக்குப் பயன்படும். சிரபுஞ்சியிலோ பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்றில் மழை பக்கவாட்டில் அடிக்கும்; குடை தலைகீழாய் மலர்ந்துவிடும். அங்குள்ள காஸி மக்கள் வயலில் குனிந்து வேலை செய்யும்போது 'க்னூப்' என்ற ஒன்றைச் சூடுகிறார்கள். மூங்கிலும் இலையும் கொண்டு படகைக் கவிழ்த்தாற்போல் முடைந்தது. தலையிலிருந்து முதுகு முழுவதையும் மூடும். இரு கைகளுக்கும் வேலை செய்ய விடுதலை. நம் ஊரில் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணிக்கு மூத்த சகோதரி என்றே சொல்லலாம். நாம் அதைச் சூடிக்கொண்டு அலைவது நடவாது. தொப்பியுடன் கூடிய மழைச்சட்டையே போதும். ஆனால் காற்றே புகாத பிளாஸ்டிக் சட்டையணிந்து நோங்ரியாட் வேர்ப் பாலத்துக்கான 3,000க்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏறினால், மழை நனைக்காத உடம்பை வியர்வை நனைத்துவிடும். முன்புறம் திறந்து மூடத்தக்கதாக வாங்கவேண்டும்.

அந்தப் படிகளைப் பற்றி இன்னும் ஒன்று. முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே அழைத்துச் செல்வது அன்பு ஆகாது. நோகலிகாய் அருவியைச் சாலைக்கருகே நின்றே பார்க்கலாம். மேகம் விலகும்வரை பொறுமை மட்டும் வேண்டும். பாசி படர்ந்த சுண்ணாம்புக் கல்லில் ஹவாய்ச் செருப்பு வழுக்கும். தோல் செருப்பு ஊறிப் பிளந்துவிடும். அடியில் ஆழ்ந்த வரியுள்ள ரப்பர்க் காலணியும், ஆளுக்கு மூன்று ஜோடி கம்பளிக் காலுறையும் வேண்டும். ஏதேனும் விட்டுப்போனாலும் கவலையில்லை. ஷில்லாங்கின் போலீஸ் பஜாரில் வாங்கிக்கொள்ளலாம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காஸிகளும் சோறு உண்பவர்களே. பருப்புப்பொடியும் ஊறுகாயும் இறுக மூடும் டப்பாவில் இருந்தால் போதும். அப்பளம் வேண்டாம், அடுப்பை அடையுமுன்பே துணியாகிவிடும்.

மழைக்குப் பயந்து டிசம்பரில் செல்ல நினைப்பவர்கள் மூட்டையைத் தலைகீழாகக் கட்டவேண்டும். மண் அரித்துப்போன அந்தச் சுண்ணாம்புப் பாறை நீரைத் தாங்குவதில்லை. குளிர்காலத்தில் சிரபுஞ்சிப் பெண்கள் குடிநீருக்காகக் குடத்துடன் நடக்கிறார்கள். அப்போது மழைச்சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, இன்னொரு கம்பளிப் போர்வையும், ஷில்லாங்கிலேயே நிரப்பிக்கொண்ட தண்ணீர்ப் புட்டிகளும் கொண்டு செல்லுங்கள்.