சயன் இல்லாத ஆறு ஆட்டங்கள்

கூடைப்பந்தாட்டம் தெரியாதவர்களும் வாசிக்கலாம். தேவையான இடத்தில் விதிகளைச் சொல்லிக்கொண்டு போகிறோம்.

எங்கள் ஆசிரியர் அறையில் வழமையாகக் கிரிக்கெட்தான் ஓடும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் யூடியூபில் பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் எப்படியோ எங்களையும் தொற்றிக்கொண்டது. இப்போது இரண்டு வாரமாக இடைவேளைத் தேநீரோடு ஒரே வழக்குத்தான். 2018-19 பருவத்தில் டியூக் பல்கலைக்கழக அணிக்கு சயன் வில்லியம்சன் என்ற பொடியனின் பெறுமதி எவ்வளவு? அவன்தான் அணியா, அல்லது அணியில் அவனும் ஒருவனா?

கணித சேர் முதல் நாளே ஓர் எண்ணைத் தூக்கிப் போட்டார். 22.6. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு சயன் எடுத்த சராசரிப் புள்ளி அது. அதே அணியில் ஆர்.ஜே. பரட் என்ற கனேடியப் பொடியனும் இருந்தான். அவனுடைய சராசரியும் 22.6. தசமம் கூட மாறவில்லை. இரண்டு பேரும் முதலாம் வருட மாணவர்கள். "பிறகு என்ன, இரண்டு பேரும் சமன்தானே?" என்றார் சேர்.

இசட் புள்ளியோடு வாழப் பழகிய எங்களுக்கு எண்ணைக் கண்டால் நம்பத்தான் மனம் வரும். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கிறது. சயன் எறிந்த நூறு பந்தில் 68 கூடைக்குள் விழுந்தது. பரட்டுக்கு அது 45 அளவில். ஒரே புள்ளியைச் சேர்க்க பரட்டுக்கு எத்தனையோ பந்து கூடுதலாக வேண்டியிருந்தது. ஐந்து பேர் பகிரும் ஒரு பந்தில் இது சின்ன விஷயம் இல்லை. சேர் ஒரு நாள் மௌனமாக இருந்தார், அவ்வளவுதான்.

இனி அந்த இரவுக்கு வருவோம். 2019 பெப்ரவரி 20. டியூக்கின் சொந்த மைதானம், எதிரே பரம வைரி நோர்த் கரோலினா. கையிலிருந்து கைமாறிய நுழைவுச் சீட்டுகள் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போயின. ஒபாமா கூட வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, சயன் திரும்ப எத்தனித்த வேகத்தில் இடது காலின் நைக்கி சப்பாத்து கிழிந்து கால் வெளியே வந்துவிட்டது. விழுந்தவன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் நைக்கியின் பங்கு விலை ஒரு வீதம் அளவில் இறங்கியது. அந்த ஒரு வீதமே நூறு கோடி டொலருக்கு மேல். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் சப்பாத்துக்கு!

டியூக் 72-88 என்று தோற்றது. இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கும். அன்றைக்கு பரட் 33 புள்ளி, கேம் ரெடிஷ் என்ற இன்னொரு பொடியன் 27. சயன் இல்லாத குறையைப் புள்ளியில் மற்றவர்கள் ஓரளவு நிரப்பித்தான் இருக்கிறார்கள். குறைந்தது வேறோர் இடத்தில். நோர்த் கரோலினாவின் 88 புள்ளியில் 62, கூடைக்குக் கீழே உள்ள வர்ணம் பூசிய கட்டத்துக்குள் இருந்து வந்தவை. அந்தக் கட்டத்தின் காவல்காரன் உள்ளே படுக்கையில் இருந்தான். சயனின் பெறுமதியில் பாதி அவன் போட்ட புள்ளியில் இல்லை, மற்றவன் போடாமல் விட்ட புள்ளியில் இருந்தது என்று நாம் சொல்வது இதை வைத்துத்தான். போடாத புள்ளிக்குப் புள்ளிப் பட்டியலில் நிரல் கிடையாது.

அந்த ஆட்டத்தையும் சேர்த்து ஆறு ஆட்டங்கள் அவன் இல்லாமல் போயின. மூன்று வெற்றி, மூன்று தோல்வி. "பார்த்தீர்களா, பாதிக்குப் பாதி" என்றார்கள் சயன் கட்சிக்காரர்கள். ஆனால் தோல்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நோர்த் கரோலினாவிடம், ஒன்று வேர்ஜீனியா டெக்கிடம். இரண்டும் லேசான அணிகள் இல்லை, அதிலும் இரண்டு ஆட்டங்கள் அவர்களுடைய மண்ணில். எங்களுக்கு உறுத்துவது தோல்விகள் இல்லை, ஒரு வெற்றி. வேக் ஃபொரஸ்ட் அந்த வருடம் பலவீனமான அணி. அதை டியூக் தன் சொந்த மைதானத்தில் வைத்து 71-70 என்றுதான் வென்றது. கடைசி வினாடியில் எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போகாமல் உள்ளே விழுந்திருந்தால் அதுவும் தோல்விதான்.

சரி, சயன் கட்சி வென்றுவிட்டது என்று கோப்பையைக் கழுவப் போகும்போது விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "அப்படியென்றால் ஜனவரி 14இல் ஏன் தோற்றார்கள்?"

2019 ஜனவரி 14, அதே டியூக் மைதானம், எதிரணி சிரக்கியூஸ். அன்று சயன் விளையாடினான். விளையாடியது மட்டுமில்லை, 35 புள்ளி எடுத்தான். டியூக் மேலதிக நேரத்தில் 91-95 என்று தோற்றது. ரெடிஷ் சுகமில்லாமல் இறங்கவே இல்லை. ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேறியவன் ட்ரே ஜோன்ஸ்.

ட்ரே ஜோன்ஸை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. யூடியூபில் அவனுக்காகத் துண்டு வீடியோ வெட்டிப் போடுகிறவர்கள் குறைவு. சராசரி 9.4 புள்ளி. பந்தைக் கொண்டு வருகிறவன், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன், எதிரணியின் பந்து கொண்டு வருகிறவனை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே மறித்துக்கொண்டு வருகிறவன். பந்தைத் தவறவிடுவது மிக அரிது. அவன் போன பிறகு டியூக் என்ன செய்தது என்று பாருங்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து 43 தடவை எறிந்தார்கள், 9 தான் விழுந்தது. பரட் மொத்தம் 30 தடவை எறிந்து 8 தான் போட்டான். சமையல்காரர் இல்லாத வலீமா வீட்டில் ஆளாளுக்குக் கரண்டி எடுத்த மாதிரி.

இதையும் முழுச் சாட்சியாக எடுக்க முடியாது என்று கணித சேர் மறித்தார். நியாயம்தான். ஐந்து நாள் கழித்து, ட்ரே இல்லாமலேயே டியூக் வேர்ஜீனியாவை 72-70 என்று வென்றது. அந்த வேர்ஜீனியாதான் அந்த வருடத் தேசியச் சம்பியன். "ஆள் இல்லாத ஆட்டத்தை வைத்து ஆளை அளக்கிறீர்கள். ஒரு பிள்ளை வராத நாளில் வகுப்பு எப்படி இருந்தது என்பதை வைத்து அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போடுவீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. போடமாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை வராத நாளில் வகுப்பு ஏன் அப்படி இருந்தது என்று கட்டாயம் யோசிப்போம்.

இடையில் இன்னொரு சண்டை, இதுதான் எங்களில் சிலருக்கு உண்மையான சண்டை. முழங்கால் சுகமாகி சயன் திரும்பி விளையாடியிருக்க வேண்டுமா? அமெரிக்காவில் அப்போது பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். முன்னாள் வீரர் ஸ்கொட்டி பிப்பன் காயத்துக்கு முன்னமே, ஜனவரியிலேயே, இந்தப் பொடியன் இத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். காரணம் விளங்கும். பாடசாலை முடிந்து ஒரு வருடம் ஆகாமல் என்.பி.ஏ.யில் சேர முடியாது. அந்த ஒரு வருடம் பல்கலைக்கழகத்தில் விளையாடினால் அன்று புலமைப்பரிசில்தான் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. தன் பெயரை வைத்து விளம்பரத்தில் ஐந்து சதம் வாங்கவும் அன்று விதி விடவில்லை, அது மாறியது 2021 ஜூலையில். பயிற்றுநருக்குக் கோடிகள், தொலைக்காட்சிக்குக் கோடிகள், சப்பாத்துக் கம்பனிக்குக் கோடிகள். முழங்கால் மட்டும் பிள்ளையுடையது.

எங்களில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் ஒரே கட்சி: அனுப்பியிருக்க மாட்டோம். இளம் ஆசிரியர்கள் மறு கட்சி. அவன் போனான். விளையாடாமல் இருந்தால் சக வீரர்களைக் கைவிட்டதாகும் என்ற கருத்தில்தான் அவன் பேசினான். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில், அதே சிரக்கியூஸுக்கு எதிராக, 13 தடவை எறிந்து 13ஐயும் போட்டான். மறுநாள் நோர்த் கரோலினாவுக்கு 31 புள்ளி. டியூக் 74-73 என்று வென்றது, அடுத்த நாள் கிண்ணத்தையும் தூக்கியது. அவன் பெறுமதி என்ன என்று கேட்டவர்களுக்கு இதைவிட என்ன சொல்வது. ஆனால் அதே வருடம் ஒக்டோபரில், என்.பி.ஏ. பருவம் தொடங்கும் முன்பே, அதே வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. பழைய காயம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பெற்றவர்கள் கட்சி அந்தச் செய்தியைக் கேட்டபோது சந்தோஷப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

தேசியச் சுற்றில் அந்த அணி நூலில் தொங்கிக்கொண்டே போனது. சென்ட்ரல் புளோரிடாவோடு ஆடியபோது, ஏழரை அடி உயரமான தங்கள் டாக்கோ ஃபோலை ட்ரேக்குக் காவல் என்று பெயருக்கு நிறுத்திவிட்டுக் கூடையடியிலேயே வைத்துக்கொண்டார்கள். ட்ரே வேண்டுமானால் தூரத்திலிருந்து எறியட்டும், விழாது என்ற கணக்கு. கணக்குச் சரி, எட்டில் ஒன்றுதான் விழுந்தது. கடைசியில் சயன் அந்த நெடுமரத்தின் மேலாகவே போட்டான், தண்டமாகக் கிடைத்த ஒற்றை எறியைத் தவறவிட்டான், தவறிய பந்தை பரட் எடுத்துப் போட்டான். 77-76. சயனின் 32 புள்ளியும் வேண்டியிருந்தது, அவன் தவறவிட்ட பந்துக்கு ஓர் ஆளும் வேண்டியிருந்தது.

அடுத்து வேர்ஜீனியா டெக். "எறியட்டும்" என்று விடப்பட்ட அதே ட்ரே தூரத்திலிருந்து ஐந்து பந்து போட்டு 22 புள்ளி எடுத்தான். 75-73.

பிறகு மார்ச் 31, மிச்சிகன் ஸ்டேட். இரண்டு புள்ளி பின்னால், சில வினாடிகள் மிச்சம். பந்து பரட்டிடம். தண்ட எறி இரண்டு கிடைத்தது. முதலாவது தவறியது. இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டுத் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க வேண்டும், அது சொல்வழி கேளாமல் உள்ளே விழுந்துவிட்டது. 67-68. சயன் அன்று 24 புள்ளி, கடைசியில் அவன் கையில் பந்து இல்லை. ஏன் அவனிடம் கொடுக்கவில்லை என்று எங்கள் பிள்ளைகள் இன்னும் ஏசுகிறார்கள். விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு வேறு பார்வை. எதிரணியின் கண்ணெல்லாம் சயன் மேல் இருந்ததால்தான் பரட்டுக்குக் கூடை வரை வழி கிடைத்தது, அதையும் சயனின் கணக்கில் எழுதுங்கள் என்கிறார். எழுதிக்கொண்டோம்.

எங்கள் முடிவைச் சொல்வதென்றால், அந்த அணியில் ஈடு செய்ய முடியாதவன் சயன்தான். அதில் நமக்கு இப்போது ஐயமில்லை. ஆனால் அவன்தான் அணி என்று சொல்கிறவர்கள் ஜனவரி 14ஐ ஒருக்கா முழுமையாகப் பார்த்துவிட்டு வரட்டும்.

அந்த யூன் மாதம் சயன் என்.பி.ஏ. தெரிவில் முதலாவது, பரட் மூன்றாவது, ரெடிஷ் பத்தாவது. ட்ரே ஜோன்ஸ் இன்னொரு வருடம் டியூக்கிலேயே இருந்தான். 2020 பெப்ரவரி 8, நோர்த் கரோலினாவின் மைதானம், இரண்டு புள்ளி பின்னால், கடைசி வினாடிகள், ஒரு தண்ட எறி கையில். வேண்டுமென்றே தவறவிட்டான். பந்து வளையத்தில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது. மணி அடிக்கும்போது அதைக் கூடைக்குள் போட்டுச் சமன் செய்தான். மேலதிக நேரத்தில் டியூக் 98-96. அன்று ட்ரே எடுத்தது 28 புள்ளி. அந்தப் பருவம் முடிய, அவர்கள் பிரிவின் சிறந்த வீரன், சிறந்த தடுப்பு வீரன் என்ற இரண்டு விருதும் அவனுக்குத்தான் போனது.

கணித சேர் இப்போது அவனுடைய 9.4ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அழிக்க வேண்டாம் என்று வகுப்புக்குச் சொல்லியும் இருக்கிறார்.