மாடு மிதிக்கக் கட்டிய குளம்

கோவை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம், கைப்பையைக் குடைந்து துப்பட்டாவை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டதுதான். மார்கழியின் கடைசி நாள். பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அழைத்துப்போக வந்த தோழியின் அண்ணன் கார் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, "காத்து நல்லா சிலுசிலுன்னு இருக்குதுங்களா?" என்றார். எனக்குப் பல் தந்தியடித்தது. சிங்கப்பூரில் குளிர் என்பது சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து வருவது. வேண்டாமென்றால் ரிமோட்டில் ஓர் அமுக்கு. இங்கே பனி யாரையும் கேட்காமல் சட்டைக்குள் நுழைந்தது. கைப்பேசி பத்தொன்பது டிகிரி என்றது. எங்கள் ஊரில் பத்தொன்பது டிகிரியைச் சினிமாத் தியேட்டருக்குள்தான் பார்க்கலாம், அதற்கும் டிக்கெட் வாங்க வேண்டும்.

பல்லடம் போய், அவினாசிபாளையம் தாண்டியதும் வெளியே நிறம் மாறிவிட்டது. தமிழ்நாடு என்றால் வயலும் வாய்க்காலும் என்று என் மனதில் ஒரு படம் உண்டு. தாத்தா மன்னார்குடிப் பக்கம். அவர் சொல்லிச் சொல்லி வரைந்த படம் அது. நாங்கள் போய்க்கொண்டிருந்த காங்கேயத்துக்கு அந்தப் படம் செல்லாது. பழுப்பு மேய்ச்சல் நிலம், நடுநடுவே குடை விரித்த வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த வேலியை யாரும் கட்டுவதில்லையாம்; கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் வேர்விட்டுத் தானே வேலியாகிவிடுமாம். இந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல வருடம். அந்த மழையில் முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லைத் தின்றுதான் உலகம் அறிந்த காங்கேயம் காளை அந்தத் திமிலை வளர்க்கிறது.

ஊர் நெருங்க நெருங்க மூக்குக்கு வேலை வந்தது. முதலில் அவித்த நெல்லின் வாசம், அரிசி ஆலைகள். பிறகு வேறொன்று, கொழுப்பும் இனிப்பும் கலந்து தொண்டையில் இறங்கியது. எட்டிப் பார்த்தால் சாலையோரக் களங்களில் உடைத்த தேங்காய் வெள்ளை வெளேரென்று வெயிலுக்குக் காத்துக் கிடக்கிறது, கண்ணுக்கு எட்டிய மட்டும்! எங்கள் வீட்டில் பாதி மூடித் தேங்காயைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்துவோம்.

தோழியின் வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்துச் சாளை. ஓட்டு வீடு, முன்னால் சாணி போட்ட வாசல், பக்கத்தில் கட்டுத்தரை. அவளுடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வா கண்ணு. என்ன இப்படி நடுங்குறே? சாமத்துல பேஞ்ச பனிதான், வெயில் வந்தா ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டே காப்பியை ஆற்றி நீட்டினார். நான் வந்த காரணத்தைத் தோழி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எனக்குக் கைவேலைப் பைத்தியம். காகிதம், துணி, பாசிமணி, காய்ந்த பூ என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி, பண்டிகைக்குப் பண்டிகை எதையாவது செய்து வீவக அடுக்குமாடி வீட்டின் கதவில் மாட்டிக்கொண்டிருப்பேன். பொங்கலுக்கு மட்டும் தேக்காவில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். வருடா வருடம் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, மறுபடியும் அதே ஆணியில். இதைக் கேட்ட அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாவிலையக் கழுவி எடுத்து வெக்கறதா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல், பொழுது சாய்ந்ததும் வாசலில் கட்டும் காப்புக் கொத்துக்குப் பூப் பறிக்கப் போனோம். கடைக்கு அல்ல, வேலியோரத்துக்கு. கோவையில் காப்புக் கட்டு பூ மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருமாம். இங்கே காசு கொடுத்தால் சிரிப்பார்கள். ஆவாரஞ்செடி தரிசெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. பூளைப்பூவை நான் பார்த்தது இதுதான் முதல்முறை. பூ என்றால் இதழ் இருக்கும் என்ற என் எண்ணத்தை அது மதிக்கவே இல்லை. தண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சுதான். அப்புறம் வேப்பங்கொத்து, மாவிலை. நாலு சாமான், செலவு பூஜ்யம்.

சேர்ப்பதில்தான் சூட்சுமம். அம்மாயி வேப்பங்கொத்தை அடியில் வைத்தார். அதன்மேல் மாவிலை, முதுகு வெளியே தெரியும்படி. ஆவாரம்பூ நடுவில். பூளைப்பூவை மட்டும் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்குமாறு செருகினார். நார் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள், வெள்ளை. நிறச் சக்கரம் பற்றிக் காசு கட்டி வகுப்புக்குப் போனவள் நான்! மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் கலந்த வெள்ளை வந்து உட்கார்ந்ததும் கொத்து முழுக்க எடுப்பாகிவிட்டதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். பார்க்க நன்றாக இருக்கும் என்றா இப்படி அடுக்குகிறீர்கள் என்று கேட்டேன். "பூளை ஒசரமா இருந்தாத்தான் எறவாணத்துல செருகினா தெரியும்" என்றார் அம்மாயி.

பொழுது சாய்ந்ததும் கட்டும் படலம். வாசலில் ஒன்று, எறவாணத்தில் வரிசையாகச் சில, கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், மோட்டார் அறையில், தோட்டத்தின் மூலை மூலைக்கும். டிராக்டருக்கு, மொபெட்டுக்கு, என்னை ஏற்றி வந்த காருக்கும் ஒன்று. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறியபடி கடைசிக் கொத்தை நட்டபோதுதான் உறைத்தது: இந்த மூலைக்கு நாளை யாரும் வரப்போவதில்லை. யாரும் பார்க்காத இடத்துக்கு இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய கொத்து. லிட்டில் இந்தியாவில் பொங்கல் ஒளியூட்டு என்று சிராங்கூன் சாலையின் தலைக்கு மேல் மின்விளக்குப் பானையும் கரும்பும் எரியும். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் நாங்கள் போவதே.

மறுநாள் வாசல் பொங்கல் எல்லா ஊரிலும் போலத்தான். புகையில் கண்ணெரிந்தது, பொங்கியது, கத்தினோம், சாப்பிட்டோம். மாலையில் சிவன்மலைக்கு. முருகன் மலை, அங்கே ஒரு கல்தூணில் கண்ணாடி போட்ட பெட்டி இருக்கிறது. ஆண்டவர் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்று சொல்வாராம். அவர் கோயிலுக்கு வந்து சொல்ல, சாமியிடம் பூ கேட்டுப் பார்த்து, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும் வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், சங்கிலி என்று என்னென்னவோ இருந்திருக்கின்றன. தண்ணீர் இருந்தபோதுதான் சுனாமி வந்தது என்று பக்கத்தில் நின்றவர் அடித்துச் சொன்னார். எங்கள் ஊர்க் கலைக்கூடங்களில் இப்படி ஒரு பெட்டியில் ஒற்றைப் பொருளை வைத்துப் பக்கத்தில் இரண்டு பக்க விளக்கம் ஒட்டியிருப்பார்கள். இங்கே விளக்கத்தை நாடே சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

நான் கடல் தாண்டி வந்தது மூன்றாம் நாளுக்காக. பட்டிப் பொங்கல். தாத்தா ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை போடுவார்கள். தண்ணீரில் வளரும் நெட்டித் தண்டைச் சீவிச் சாயம் தோய்த்துக் கட்டியது. காங்கேயத்தில் நெட்டி வளரத் தண்ணீர் ஏது? இங்கே அலங்காரம் கொம்பில் தொடங்குகிறது. அண்ணன் உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்துக் காளையின் கொம்பைச் சுரண்ட உட்கார்ந்தார். சொரசொரவென்று மேல்தோல் பொடியாக உதிர, அடியில் கருங்கல் பளபளப்பு. காளையோ கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது. பிறகு நல்லெண்ணெய் தடவி, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டி, புது மூக்கணாங்கயிறு, புதுத் தலைக்கயிறு, கழுத்தில் சலங்கை, நெற்றியில் பாசிமணிப் பட்டை. வர்ணம் பூச மாட்டீர்களா என்றேன். "மயிலைக் காளைக்கு எதுக்குங்க பெயிண்டு?" என்றார். அதுவும் சரிதான். சாம்பல் உடம்பு, திமிலிலும் முன்னந்தொடையிலும் கருமை. பக்கத்தில் ஒரு கன்று செக்கச்செவேலென்று துள்ளிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் போனால் அதுவும் இப்படிச் சாம்பலாகிவிடுமாம். மாடு நிறம் மாறும் என்று எனக்கு இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே!

அந்தப் பாசிமணிப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி கோப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். அங்கே தோண்டியபோது சூதுபவளம், பளிங்கு, பெரில் மணிகள் கிடைத்தன. துளை போடாமல் பாதியில் விட்டவைகூட. அந்தப் பெரில் கல் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் எடுத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த வெயிலில் யாரோ உட்கார்ந்து கல்லில் துளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணனின் பட்டையில் இருப்பது பிளாஸ்டிக் மணிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் இங்கேயும் வந்துவிட்டதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வெயில் தாழ்ந்ததும் பட்டிக்குள் குளம் கட்ட ஆரம்பித்தோம். செம்மண்ணும் சாணியும். "கை போடு கண்ணு" என்றார் அம்மாயி. போட்டேன். வெதுவெதுவென்று இருந்தது! நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்தவளுக்கு நசுங்கிய புல்லின் வாசமும் மோர்ப் புளிப்பும்தான் வந்தன. சாணியில் சோளத்தட்டின் நார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நார் இருந்தால்தான் கரை காய்ந்தாலும் வெடிக்காது என்றார். மண்ணை மட்டும் வைத்தால் பிளக்கும். சாணியை மட்டும் வைத்தால் சரியும். சதுரமாகக் கரை எழுப்பினோம், முழங்கை நீளம். அம்மாயி ஈரக்கையால் உள்பக்கத்தை வழித்து வழித்து மெழுக, ஒரு பொத்தல் இல்லை. ஒரு பக்கம் விரலாலேயே படித்துறை இழைத்தார். கரை நெடுக ஆவாரம்பூ, மூலைக்கு மூலை பூளை, ஓரத்தில் கரும்புத் துண்டும் மஞ்சள் கொத்தும். சாணிப் பிள்ளையார் ஒருவர், தலையில் அருகம்புல். தண்ணீரை ஊற்றினோம். தெப்பக்குளம் தயார்.

அவ்வளவு அழகாக இருந்தது. குனிந்து நிமிர்ந்து, நாலா பக்கமும் படம் எடுத்தேன். கரையில் ஓர் ஆவாரம்பூ சாய்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்தேன்.

பொங்கல் வெந்து இறங்கியது. பூசை முடிந்து, பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து மாடுகளுக்கு ஊட்டினார்கள். அண்ணன் தட்டத்தை எடுத்துக் கணகணவென்று தட்ட, பிள்ளைகள் கூவ, அந்தச் செக்கச்செவேல் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நேராக என் குளத்தை நோக்கி! "ஐயோ, குளம்!" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. கன்று கரையில் ஒரு கால், தண்ணீரில் ஒரு கால், படித்துறையில் ஒரு கால் வைத்துத் தாவிப் போனது. பின்னாலேயே பசு. அப்புறம் காளை, அது போனபின் கரை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆவாரம்பூ சேற்றில். ஒரே ஆரவாரம், சிரிப்பு, எல்லோர் முகத்திலும் அத்தனை திருப்தி. மாடு மிதிக்கத்தான் குளமே கட்டுவது என்று தோழி அப்போதுதான் சொன்னாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா நீ இப்படிக் கத்தியிருக்க மாட்டே" என்றாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு மணி நேர வேலை! சிங்கப்பூரின் கேம்பல் லேனில் பொங்கல் சமயத்தில் மாட்டைக் கொண்டுவந்து தடுப்புக்குள் கட்டி வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவோம். மாட்டுக்காக ஒன்றைச் செய்து, அதை மாட்டிடமே விட்டுவிடுவது என்பது என் கைவேலைக் கணக்கில் இதுவரை வராத கணக்கு. நான் செய்ததையெல்லாம் டிஷ்யூ தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, மேலே வருடத்தை எழுதி வைப்பவள். மறுநாள் காலையில் பார்த்தேன்: மிதிபட்ட குளத்தை மண்வெட்டியால் வழித்து எருக்குழியில் போட்டுவிட்டு, அண்ணன் பால் கறக்கப் போயிருந்தார்.

கிளம்புவதற்கு முன் பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண்களெல்லாம் கூடை எடுத்துக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கரட்டுப் பக்கம் ஆவாரம்பூ பறிக்கப் போனோம். கும்மி அடித்தார்கள். நானும் அடித்தேன், வலப்பக்கம் எல்லோரும் திரும்பும்போது நான் இடப்பக்கம் போய்ப் பல பேரின் தோளை இடித்துத் தள்ளினேன். பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

மர நிழலில் அரிசிம்பருப்புச் சோற்றைத் தின்றுகொண்டே அம்மாயியிடம் கேட்டேன், அடுத்த வருடம் என் வீட்டுக் கதவுக்கு நானே காப்புக் கட்டினால் என்ன என்று. வேப்பிலை கிடைத்துவிடும், ஆவாரையும் பூளையும் இல்லையே, என்ன செய்வது?

"உங்கூர்ல வேலியோரத்துல என்ன பூக்குதோ அதை வெச்சுக் கட்டு கண்ணு."

"எங்கூர்ல பார்க்கிலயும் ரோட்டோரத்துலயும் பூவைப் பறிச்சா அபராதம் போடுவாங்க அம்மாயி."

அம்மாயி வாயருகே கொண்டுபோன கவளத்தை நிறுத்திவிட்டார். "பூப் பறிச்சதுக்கா?" பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ பிள்ளைகளா, இங்க வாங்க. இந்தப் பிள்ளை ஊர்ல பூப் பறிச்சாத் தண்டம் கட்டோணுமாம், இதக் கேளுங்க!" நான் விமானம் ஏறுவதற்குள் அந்தச் செய்தி வெள்ளகோவில் வரை போய்விட்டதாகத் தோழி சொன்னாள்.