மருந்துச் சீட்டில் எழுத முடியாதது

மழைக்காலத்துல ஒரு நைட் டியூட்டி பார்த்தா உங்களுக்கே புரியும். பாம்புக்கடி, குழந்தைக்கு மூச்சிரைப்பு, தீக்காயம். "எங்க படுத்திருந்தீங்க?"ன்னு கேட்டா, பல நேரம் ஒரே பதில்தான்: "குடிசைல, தரைல சார்."

விஷமுறிவு மருந்து கொடுக்கலாம், நெபுலைசர் வைக்கலாம். ஆனா குணமானதும் அதே ஈரத் தரைக்குத்தானே போறாங்க? கல்வீடு எழுதிக்கொடுக்க என் சீட்டுல இடமில்லை.

அதனாலதான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா நினைவுக்கு வர்றாங்க. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு அந்தப் பகுதி மக்களோட நின்னவங்க இவங்க. 1981-ல் கணவரோடு சேர்ந்து லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்கள் பெயரில் நிலம் வாங்கித் தந்தாங்க. பிறகு குடிசைக்குப் பதில் செங்கல் வீடு. 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் பத்மபூஷண்.

விருது வந்தப்புறம் நாம எல்லாரும் கைதட்டுவோம். உங்க ஊர்லயும் பட்டாவுக்கும் வீட்டுக்கும் மனுவைத் தூக்கிட்டு கலெக்டர் ஆபீஸுக்கு அலையற ஒருத்தர் இருப்பார். "பிரச்சினை பண்ற ஆளு"ன்னு ஒதுக்காதீங்க. ஒருநாள் கூடப் போய் நில்லுங்க. அவர் ஜெயிச்சா, எங்க வார்டுக்கு வர்றவங்க குறைவாங்க.