போய்ச் சேர்ந்துச்சா?

டூர் என்றதும் உங்களுக்கு ஊட்டி, மூணாறு, கோவா எல்லாம் ஞாபகம் வரும். நான் போன டூர் டவுன் பஸ்ஸிலேயே முடிஞ்சு போச்சு. செலவு? பஸ் டிக்கெட், ரெண்டு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட். ஆனால் அந்த டூரில் ஒரு கடல், ஒரு போர், அஞ்சு பிளேன் எல்லாம் வருது. ஜன்னல் சீட் உங்களுக்குத்தான், வாங்க!

நமக்குச் சொந்த ஊர் வடமதுரை. திண்டுக்கல் - திருச்சி ரோட்டில் பெருமாள் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா பெரியவங்களுக்குத் தெரியும். சுத்தி நூற்பாலைகள். வியாழக்கிழமை பக்கத்து அய்யலூர் சந்தைக்குப் போற ஆடுகள் பஸ்ஸை மறிக்கும். எங்க அப்பாவும் மில் தொழிலாளிதான்.

போன செமஸ்டரில் எங்க காலேஜில் போர் நடக்கிற நாட்டுக் குழந்தைகளுக்காக நிதி திரட்டினாங்க. அப்பாகிட்ட இருநூறு ரூபாய் கேட்டேன். எடுத்துக் கொடுத்தவர், "போய்ச் சேருமாடா?"ன்னு கேட்டார். "ஏம்ப்பா?" என்றேன். "2008-ல இலங்கைத் தமிழர் நிதின்னு நானும் ஒருநாள் சம்பளம் கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார்.

அப்போ எனக்கு மூணு வயசு. பதில் தெரியாத கேள்வி அரியர் மாதிரி, மனசுல கிடந்து உறுத்தும் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிட்டேன். வடமதுரையிலிருந்து திண்டுக்கல், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தோட்டனூத்து. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2022 செப்டம்பரில் 321 புது வீடுகள் திறந்தாங்களே, அதே இடம்தான்.

பிளேன் வந்தது!

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சியிடம் போய் நின்றேன். எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இதுக்கோ தம்பி வடமதுரையில இருந்து வந்தனீங்கள்? இருங்கோ, தேத்தண்ணி தாறன்."

1987-ல் ஆச்சி யாழ்ப்பாணத்தில் இருந்தார். வடமராட்சியில் சண்டை நடந்த நேரம். சாமான் வருவது நின்றுபோயிருந்தது. ஜூன் மாதம் முதலில் ராமேஸ்வரத்திலிருந்து இந்தியா மீன்பிடிப் படகுகளில் உணவு, மருந்து அனுப்பியது. செஞ்சிலுவைக் கொடி கட்டிய படகுகள். இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள், ஜூன் 4, பெங்களூரிலிருந்து அஞ்சு ஏ.என்-32 விமானங்கள் கிளம்பின. காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். யாழ்ப்பாணத்துக்கு மேலே சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பின. அதற்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் பூமாலை'.

"உங்களுக்குப் பூமாலை. எங்களுக்கு பிளேன் சத்தம் கேட்டாலே குண்டுதான் தம்பி. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடினம். பேந்துதான் இந்தியா சாப்பாடு போட்டதெண்டு அறிஞ்சம்."

"உங்களுக்குக் கிடைச்சதா ஆச்சி?"

"எங்கட பக்கம் ஒண்டும் விழேல்லை. ஆனா எங்களையும் ஆரோ பாக்கினம் எண்டு அண்டைக்கு ஒரு நிம்மதி."

நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட். உடனே மனசுக்குள் கால்குலேட்டர் ஓடியது. 25 டன் என்றால் எங்க ஊர் ரோட்டில் போகிற லாரியில் ரெண்டு, மூணு லோடுதான்! தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். வடமதுரையிலிருந்து திண்டுக்கல் போய்த் திரும்புகிற தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க இவ்வளவு பெரிய விமானங்கள் தேவைப்பட்டன. தடுத்தது கடல் இல்லை பாஸ், பெர்மிஷன்! அதே ஜூன் மாதக் கடைசியில் ரெண்டு அரசும் பேசி ஒப்புக்கொண்டதும், கப்பலிலேயே பொருட்கள் காங்கேசன்துறை போய் இறங்கின.

இந்தக் கதை உலகம் முழுக்க இருக்கு. போரில் சிக்கிய மக்களுக்கு மருந்தும், குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கு உணவும் போக வழிவிட வேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. கூடவே, பொருள் எதிரி கைக்குப் போகும் என்று பயந்தால் மறுக்கவும் ஒரு சந்து வைத்திருக்கிறது. சிரியாவுக்குள் அந்த நாட்டு அரசின் சம்மதம் இல்லாமலே எல்லை தாண்டி உதவி கொண்டுபோக, 2014-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 2024-ல் காசாவிலும் வானத்திலிருந்து பொதிகள் போட்டார்கள். ரோடு திறந்திருந்தால் வானம் எதற்கு?

அப்பாவின் ஒருநாள்

சரி, அப்பாவோட காசு? 2008 அக்டோபரில் தமிழக அரசு நிதியும் பொருளும் திரட்டியது. நவம்பரில் சுமார் 1,700 டன், 80,000 குடும்பப் பொதிகளாக, சென்னையிலிருந்து கப்பலில் கொழும்பு போனது. மறுபடியும் கால்குலேட்டர்... ஒரு பொதி சுமார் 21 கிலோ. வன்னியில் அதை விநியோகிக்கும் பொறுப்பு சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. ரெண்டு பக்கமும் பேசி, ரெண்டு பக்கமும் சரி சொன்னால்தான் செஞ்சிலுவை லாரி நகரும். அதுதான் அவங்க முறை.

எல்லாமே அப்படிப் போய்ச் சேரவில்லை. 2009-ல் ஐரோப்பியத் தமிழர்கள் சேர்த்து அனுப்பிய 'வணங்கா மண்' பொருட்கள், சுமார் 884 டன், 'கேப்டன் அலி' கப்பலில் வந்தன. அதற்குள் மே மாதம் போரே முடிந்துவிட்டது. ஜூனில் இலங்கை அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்ப, பொருட்கள் சென்னையில் இறங்கி, வேறு கப்பலில் கொழும்பு போய், அங்கேயும் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தன. பசிக்கு அனுப்பிய சோறு லேட்டாகப் போனால் அதற்குப் பேர் என்ன, சொல்லுங்க?

ஆச்சி 1990-லேயே படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகத் திண்டுக்கல் வந்தவர். ஆனால் தங்கை வன்னியில்தான் இருந்தார். தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அவளுக்கு ஒரு பொதி கிடைச்சது தம்பி. அரிசி, பருப்பு எல்லாம் இருந்ததாம். சவுக்காரமும் இருந்ததாம்."

"சவுக்காரமா?"

"சோப்பு. கன நாளைக்குப் பிறகு பிள்ளையளைச் சோப்புப் போட்டுக் குளிக்க வார்த்தனெண்டு பேந்து போனில சொன்னவள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லேல்லை, சோப்பைத்தான் சொன்னவள்."

தங்கை போருக்குத் தப்பி இப்போது கிளிநொச்சியில் இருக்கிறாராம். எனக்குத் தொண்டை அடைத்தது. தேத்தண்ணி சூட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தேன்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அப்பா வரும்வரை தூங்காமல் இருந்தேன். தலையில் பஞ்சுத் தூசியோடு கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், "அப்பா, ஒருத்தங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சுப்பா" என்றேன். ஆச்சி சொன்ன சோப்புக் கதையையும் சொன்னேன். அது அப்பா கொடுத்த காசில் வாங்கிய சோப்புதான் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. அப்பா கையிலிருந்த சோப்பை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் டேபிள் மேல் இன்னொரு இருநூறு ரூபாய் இருந்தது.

நீங்களும் கொடுங்க ஃப்ரெண்ட்ஸ். கொடுத்துட்டு, யார் வழியா, எந்த வழியா போகுதுன்னு கேளுங்க. அது போய்ச் சேர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க!