விரிசல் விழுந்த முன்கண்ணாடி

நெடுநாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. பள்ளி விடுமுறையில் எழுதலாம் என்றிருந்தேன். விடுமுறை வந்ததும் மகிழுந்தின் முன்கண்ணாடி உடைந்தது. ஆகவே, அதைப் பற்றியே எழுதுகிறேன். உங்களுள் பலர் இந்த விடுமுறையில் குடும்பத்தோடு நெடும்பயணம் செல்வீர்கள் என்பதால் ஓரளவு பயனும் இருக்கலாம்.

பீடோர் பக்கத்தில் என் தாய்மாமா இருக்கிறார். அகவை 84. அவர் இரண்டு நாள்களாக உணவு கொள்ளவில்லை என்று வியாழன் இரவு தொலைபேசி வந்தது. அம்மா அன்றிரவு உறங்கவில்லை. சனிக்கிழமை விடியும் முன்பே ஜார்ஜ் டவுனிலிருந்து புறப்பட்டோம். முன்னிருக்கையில் என் துணைவியார், பின்னிருக்கையில் அம்மாவும் மகனும். மகன் என் பள்ளியிலேயே ஐந்தாம் ஆண்டு பயில்கிறான். அவனுக்குத் தமிழ்மொழி கற்பிப்பவனும் நானே. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

பினாங்குப் பாலத்தின் நடுவே ஒரு மணல் சரக்குந்து எங்களைக் கடந்து சென்றது. ‘டக்’ என்று ஓர் ஓசை. “கல்லு பட்டுச்சுப்பா” என்றார் அம்மா. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. “ஒன்னும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டேன். ஜூரு சுங்கச்சாவடியின் விளக்கொளியில்தான் கண்டேன். கண்ணாடியின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில், பச்சைப்பயறு அளவில் ஒரு நட்சத்திரம்.

அங்கேயே வண்டியை ஓரமாக நிறுத்தி, அதன்மேல் ஒரு துண்டு ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டியிருக்க வேண்டும். காயத்திற்குள் நீரும் தூசும் புகாமல் அது காக்கும். பயறளவில் இருக்கும் காயத்திற்குள் பிசின் செலுத்தி இறுகச் செய்தால் கண்ணாடியையே மாற்றத் தேவையிருக்காது. இவையெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தன. அன்று என் மனத்தில் இருந்தது ஒன்றே: திரும்பிப் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது?

தைப்பிங்கை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் மழைக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதைப் பாடநூலில் கற்பித்திருக்கிறேன். அன்று அது எங்கள் தலைமேலேயே கொட்டியது. கண்ணாடியில் ஆவி படியவே, குளிர்காற்றைக் கண்ணாடிமேல் திருப்பி, வேகத்தையும் கூட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. ஓசையே இல்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண், பிறகு மேல்நோக்கி வளைந்து பின்னோக்குக் கண்ணாடியின் அடியில் வந்து நின்றது. துணைவியார் கையை நீட்டி அதைத் தடுக்கப் போனார். கையால் எப்படித் தடுப்பது!

புக்கிட் கந்தாங் ஓய்வுப் பகுதியில் வண்டியை நிறுத்தினேன். மகனுக்கு ஒரே வியப்பு. “ஏன்ப்பா கண்ணாடி கொட்டல?” என்று கேட்டான். நல்ல கேள்வி என்பதால் அந்தக் கலவரத்திலும் விடை சொன்னேன். மகிழுந்தின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடியன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய நெகிழித் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. வெளித்தகடு உடைந்தாலும் துண்டுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கச் சன்னல்கள் வேறு வகை. அவை உடைந்தால் கற்கண்டுபோல் சிறுசிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த எதுவார் பெனெடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1903ஆம் ஆண்டு ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்ததாம். அது உடைந்தும் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோசு நைட்ரேட் கரைசல் உலர்ந்து மெல்லிய தோலாகப் படிந்திருந்ததே காரணம். 1909இல் அவர் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். மகன் உட்புறத்தில் விரலால் தடவிப் பார்த்தான். வழுவழுப்பாகவே இருந்தது. வெளித்தகடு மட்டுமே உடைந்திருக்கிறது என்று அதன்வழி தெரிந்துகொண்டோம்.

விரிசல் ஏன் ஓடியது என்பதும் அறிவியல்தான். இங்கிலாந்துப் பொறியியலாளர் கிரிபித் என்பவர் கண்ணாடியை வைத்தே இதனை ஆராய்ந்து 1921இல் கட்டுரை வெளியிட்டார். கண்ணாடியின் மீது வரும் இழுவிசை விரிசலின் முனையில் குவிகிறது. விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டுவதற்குத் தேவையான விசை குறைந்துகொண்டே போகிறது. உள்ளே குளிர்காற்றால் ஒரு பகுதி சுருங்குகிறது, அடுத்த பகுதி சுருங்கவில்லை. சாலையின் அதிர்வும் எதிர்க்காற்றின் அழுத்தமும் சேர்ந்துகொள்கின்றன. சன்னல்களை மூடிக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்தினால்கூட அந்தக் காற்றழுத்தம் போதும் என்பார்கள். குளிர்காற்றைத் திருப்பியது என் கைதான். அதை மறைக்க வழியில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தம் சரக்குந்திலிருந்து ஒட்டுநாடாவைக் கொண்டு வந்தார். விரிசலின் மேல் அவரே துடைத்து ஒட்டியும் கொடுத்தார். “மெதுவாகப் போங்கள், குளிர்சாதனத்தைக் குறையுங்கள்” என்றார். விரிசல் என் பார்வைக்கு நேராக வந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டு இழுவை வண்டியை அழைத்திருக்க வேண்டும். அது இடப்பக்கத்திலேயே நின்றதால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் தொடர்ந்து சென்றேன். இது சரியான முடிவா என்று கேட்டால் இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெனோரா சுரங்கப்பாதைக்குள் ஒவ்வொரு விளக்கும் அந்த விரிசலில் பட்டுச் சிதறியது. சுரங்கத்தைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் நெடுஞ்சரிவில், பின்னால் சரக்குந்துகள் நெருக்கிக்கொண்டு வர, வண்டிக்குள் யாருமே பேசவில்லை.

மாமா அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். அம்மா ஊட்டிவிட இரண்டு கரண்டி கஞ்சியும் குடித்தார். மறுநாள் வெயில் ஏறுமுன் புறப்பட்டுப் பினாங்கு திரும்பினோம்.

திங்கட்கிழமை, மகனையும் அழைத்துக்கொண்டு ஜெலுத்தோங் பக்கம் உள்ள ஒரு கண்ணாடிக் கடைக்குச் சென்றேன். சீனத் தவுக்கே நல்ல மனிதர். நல்ல மலாய் பேசினார். பார்த்தவுடனேயே, “ஒட்ட முடியாது சிகு, மாற்றத்தான் வேண்டும்” என்றார். கறுப்புத் தாளோடு சேர்த்து 780 வெள்ளி. “முன்கண்ணாடிக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

எடுக்கவில்லை. நம்மில் பலர் ‘முழுக் காப்புறுதி’ என்றால் கண்ணாடியும் அதனுள் அடங்கும் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். முன்கண்ணாடிக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும். காப்புத் தொகையில் பொதுவாக 15 விழுக்காடு கட்டணம். 800 வெள்ளிக்கு எடுத்தால் 120 வெள்ளி. அதன்வழி இழப்பீடு பெற்றால், எல்லாரும் ‘என்சிடி’ என்று சொல்லும் கழிவு குறையாது. அதை எடுக்காமல் முழுக் காப்புறுதியிலேயே கேட்கப் போனால், ஐந்தாண்டுகள் காத்திருந்து சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவை இழக்க வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு முகவர் கேட்டபோது, ‘இத்தனை ஆண்டுகளாக ஒரு கல்கூடப் படவில்லை’ என்று சொல்லி அந்த 120 வெள்ளியை மிச்சப்படுத்தினேன்.

தவுக்கே சற்று யோசித்தார். “காப்புறுதி எப்போது முடிகிறது?” “இன்னும் மூன்று வாரத்தில்.” “பிறகென்ன? புதுப்பிக்கும்போது கண்ணாடிக்கும் சேர்த்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து இங்கே வாருங்கள். நெடுஞ்சாலையில் கல் பட்டது என்று சொல்லுங்கள். பட்டது உண்மைதானே! தேதி மட்டும்தான் வேறு. எல்லாரும் செய்வதுதான், சிகு.” எந்தத் தேதியைச் சொல்லலாம் என்று சுவர் நாட்காட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் கொடுத்தார்.

நான் மறுக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. “யோசித்துச் சொல்கிறேன்” என்று கூறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள்கள் உண்மையாகவே யோசித்தேன். 780 வெள்ளி சிறு தொகையன்று. அடுத்த மாதம் மகனுக்குப் பள்ளிச்சீருடை, புத்தகப்பை, பேருந்துக் கட்டணம் எல்லாம் காத்திருந்தன. காப்புறுதி நிறுவனம் ஏழையா என்றும் எண்ணிக்கொண்டேன். எத்தனை சுருக்கமாக நியாயங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன!

புதன்கிழமை இரவு மகன் தன் விடுமுறை நாட்குறிப்பைக் கொண்டு வந்து நீட்டினான். விடுமுறையில் நாள்தோறும் ஐந்து வரிகளேனும் எழுத வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும் என்று வகுப்பில் பணித்தவன் நான். சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு திருத்த அமர்ந்தேன். அவன் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

“சனிக்கிழமை காலை 6.40 மணிக்குப் பினாங்குப் பாலத்தில் எங்கள் மகிழுந்தின் கண்ணாடியில் கல் பட்டது. அப்பா ஒன்றும் இல்லை என்று சொன்னார். பிறகு பெரிய விரிசள் ஆகியது.” அடுத்த பக்கத்தில், திங்கட்கிழமை: “நானும் அப்பாவும் கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அப்பாவுக்கு ஒரு தேதி சொல்லிக் கொடுத்தார்.”

அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. கடையில் ஒரு மீன்தொட்டி இருந்ததையும் அதே தொனியில்தான் எழுதியிருந்தான். பேனா அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல் நின்றது. ‘இவ்வாக்கியம் தேவையற்றது’ என்று ஓரத்தில் எழுதி, ஒரு கோடு கிழித்துவிடலாம். மாணவர்களின் கட்டுரைகளில் எத்தனையோ வாக்கியங்களை அப்படி நீக்கியிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். வாத்தியார் அடித்தால் அது தவறு என்றே எடுத்துக்கொண்டிருப்பான். அந்த எண்ணம் வந்தபோதுதான் எனக்கு உண்மையில் அச்சம் உண்டாயிற்று. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த துணைவியார், “என்னங்க, ரெண்டு வரியத் திருத்த இவ்வளவு நேரமா?” என்று கேட்டார். ‘விரிசள்’ என்பதில் ‘ள்’ மட்டும் வட்டமிட்டு, ‘ல்’ என்று திருத்தி, பத்து முறை எழுதிவரச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை 780 வெள்ளியைக் கொடுத்துக் கண்ணாடியை மாற்றினேன். தவுக்கே தோளைக் குலுக்கிவிட்டு 30 வெள்ளி குறைத்துக்கொண்டார். வேலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடந்தது. பழைய கண்ணாடியை மெல்லிய கம்பியால் அறுத்தெடுத்து, சட்டத்தைத் துடைத்து, பசையைச் சீராக இட்டு, இருவர் தூக்கி ஒரே முறையில் வைத்து அமுக்கினார்கள். பசை இறுகும் வரை ஓட்டக்கூடாது என்று காத்திருக்க வைத்தார். அதை அவசரப்படுத்தாதீர்கள். விபத்தின்போது முன்னிருக்கைக்காரரின் காற்றுப்பை இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் அவர் பக்கம் விரிகிறது. கண்ணாடி பெயர்ந்தால் பையும் பயன்படாது. புதிய மகிழுந்துகள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் படக்கருவி இருக்கும்; கண்ணாடியை மாற்றிய பிறகு அதைச் சீரமைக்க வேண்டும், செலவும் கூடும். எங்கள் பழைய வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், நான் மறந்துபோன ஒன்று இருந்தது. சுங்கச்சாவடிக்கான ‘ஆர்எஃப்ஐடி’ வில்லை பழைய கண்ணாடியோடு போய்விட்டது. உரித்தெடுத்து மீண்டும் ஒட்டினால் அது வேலை செய்யாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

மூன்று வாரங்கள் கழித்துக் காப்புறுதி முகவர் அழைத்து, வழக்கம்போல், “முன்கண்ணாடிக்குச் சேர்க்கவா சார்?” என்று கேட்டார். 800 வெள்ளிக்குச் சேர்க்கச் சொன்னேன். மாமா இப்போது எழுந்து உட்கார்கிறாராம். மறுபடியும் எப்போது போகலாம் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். புறப்படும்போது ஒட்டுநாடா ஒரு சுருளை வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகன் திருத்தத்தை எழுதிக் கொண்டுவந்தான். ஒன்பது முறை ‘விரிசல்’ என்று சரியாக எழுதிவிட்டு, பத்தாவது முறை மட்டும் மீண்டும் ‘விரிசள்’ என்று எழுதியிருந்தான்.