மார்கழியில் காய்ச்சும் நெய்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வைத்தியசாலைத் திண்ணையில் வேறொரு கூட்டம் சேரும். மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் ஓரமாக நகர்ந்து இடம்விட, பிளஸ் டூ பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெற்றோர் வந்து உட்காருவார்கள். "அய்யா, பரீட்சைக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. படிச்சது மண்டையில நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க" என்பார்கள். பதினைந்து நாளுக்கு என்னிடம் மருந்து கிடையாது. அப்படிச் சொன்னதும் கண் அலமாரிக்குப் போகும். "அப்ப அந்த வல்லாரை நெய்?" வல்லாரை நெய் இருக்கிறது. மார்ச்சில் எழுதப்போகிற பிள்ளை அதைச் சாப்பிடத் தொடங்கியிருக்க வேண்டியது மார்கழியில்.

காவிரிப் படுகையில் இந்தக் கணக்கைச் செடியே வைத்திருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர்ந்த பிறகு வாய்க்கால் கரையில் கொடி ஓட ஆரம்பிக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஊர்ந்து போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை அகன்று தழைக்கும். மார்கழியில் பறித்தால் காம்பை நகத்தால் கிள்ளும்போதே சாறு கசியும். ஜனவரி 28-ல் அணையை மூடுவதும் வழக்கம். மாசியில் கரை வெடித்துப்போய், மிச்சமிருக்கும் இலை சிறுத்து, காம்பு நாராகிவிடும். பெற்றோருக்குப் பயம் பிடிக்கிற மாதத்தில் செடியில் சாறே இருப்பதில்லை. ஆகவே என் நெய் வேலை எல்லாம் தை பிறப்பதற்குள் முடிந்துவிடும்.

பறிக்கிற இடத்தில்தான் நான் கறாராக இருப்பேன். வல்லாரையும், அதே நெய்யில் நான் சேர்க்கும் நீர்ப்பிரமி என்ற இன்னொரு மூலிகையும் ஈரத்தில் வளர்பவை. அந்த ஈரத்தில் என்ன கலந்திருக்கிறதோ அதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். காரீயம், காட்மியம் மாதிரியான உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்வதில் நீர்ப்பிரமி கெட்டிக்காரச் செடி. கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதை வளர்த்துப் பார்த்த ஆய்வுகளே உண்டு. ஊருக்குள் ஓடும் வாய்க்காலில் இலை உள்ளங்கை அகலத்துக்குச் செழித்து நிற்கும். பார்க்க ஆசையாக இருக்கும். நான் அதைத் தொடமாட்டேன். சாக்கடை சேராத மேல்மடைக் கரையில், சின்ன இலையாக இருந்தாலும், அங்கேதான் பறிப்பேன். பூச்சிமருந்து தெளித்த வயலை ஒட்டிய வரப்பும் வேண்டாம். இப்போது பாதித் தேவைக்கு வீட்டுக் கொல்லையில் கிணற்றடித் தொட்டியிலேயே வளர்த்துக்கொள்கிறேன். மூலிகை என்றாலே சுத்தம் என்று நம்புகிறவர்கள் அது வளர்ந்த இடத்தை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆள்மாறாட்டமும் உண்டு. வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும், விளிம்பு பூப்பூவாக வெட்டினாற்போல் இருக்கும், காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். நர்சரிகளில் 'வல்லாரை' என்று தொட்டியில் வைத்து விற்கும் ஒரு செடிக்குக் காம்பு வட்ட இலையின் நடு வயிற்றில், தாமரை இலைக்கு இருப்பதுபோல, ஒட்டியிருக்கும். அது வேறு. எலிக்காது இலையும் தூரப் பார்வைக்கு ஏமாற்றும். அதற்கு மஞ்சள் பூ, புனல் மாதிரி. வல்லாரைப் பூவோ தரையோடு தரையாக, இலைக்கு அடியில், மங்கிய சிவப்பில் பொடிப்பொடியாக இருக்கும். குனிந்து தேடினால்தான் தெரியும். கொத்தமல்லி குடும்பம் என்பதால் இலையைக் கசக்கினால் அந்த ஜாடையில் ஒரு வாசம் லேசாக வரும். நீர்ப்பிரமியில் இந்தக் குழப்பம் குறைவு. தடித்த சின்ன இலை, வெளிறிய ஊதா கலந்த வெள்ளைப் பூ, நுனி நாக்கில் வைத்ததுமே முகம் கோணுகிற கசப்பு. வடக்கே இரண்டையும் ஒரே பெயரில் 'பிராமி' என்று விற்பதால், பாட்டிலை வாங்கும்போது தாவரப் பெயரைப் பார்ப்பது நல்லது: சென்டெல்லா என்றிருந்தால் வல்லாரை, பகோபா என்றிருந்தால் நீர்ப்பிரமி.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

வெயில் ஏறுமுன் பறித்த இலையை நாலைந்து தண்ணீரில் அலசி, கல்லுரலில் இடித்து, துணியில் பிழிந்தால் கரும்பச்சையாகச் சாறு வரும். மிக்சியில் அடித்தாலும் சாறு சாறுதான், தண்ணீர் ஊற்றாமல் அடிக்கத் தெரிந்தால். நீர்ப்பிரமிச் சாற்றைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை கட்டும். நுரைக்கக் காரணமான சபோனின்கள்தான் அதன் மருந்துச் சத்தும். கற்கம் என்கிற அரைத்த மருந்து விழுது ஒரு பங்கு, பசு நெய் நாலு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது நான் பிடிக்கும் அளவு. கற்கத்துக்குத் திப்பிலியும் கோஷ்டமும் சங்குபுட்பமும் முக்கியம். வீட்டுக்கு வீடு இதில் ஒன்றிரண்டு கூடும், குறையும். அதைப் பெரிய ரகசியமாகப் பூட்டி வைக்க எதுவுமில்லை.

சித்த மருத்துவத்தில் தீயை மூன்றாகப் பிரிப்போம்: விளக்குச் சுடர் அளவு தீபாக்கினி, அதைவிடக் கூடுதலாகக் கமலாக்கினி, கொழுந்துவிட்டு எரியும் காடாக்கினி. கேஸ் அடுப்பில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டாலும் விஷயம் மாறாது. முதலில் சாறு கொதிவரும் வரை கமலாக்கினி. பிறகு தீபாக்கினி, கடைசி வரை. ஒரே மூச்சில் முடிக்கமாட்டேன். முதல் நாள் பாதியில் இறக்கி மூடிவைத்து, மறுநாள் மறுபடி ஏற்றுவேன். சாற்றில் தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் நெய்யும் கருகாது, கற்கமும் கருகாது. தண்ணீர் தீர்ந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. சூட்டைத் தாங்கிக்கொள்ள நீர் இல்லாததால் கடகடவென்று ஏறிவிடும். அப்போது எழுந்து போய்ப் போனில் பேசிவிட்டு வந்தால், பச்சை நெய் பழுப்பாகி, அடிப்பிடித்த வாசம் வந்திருக்கும்.

அந்த நேரத்தைக் காதுதான் முதலில் சொல்லும். சளசளவென்ற கொதி குறைந்து, பொரிகிற ஒலி மெலிந்துகொண்டே வரும். மேலே கட்டியிருந்த நுரை தானாக அடங்கும். தைலத்துக்கு நேர் எதிர்: தைலம் முடியும்போது நுரைக்கும், நெய் முடியும்போது நுரை அடங்கும். உடனே கரண்டியால் அடியிலிருந்து கற்கத்தை எடுத்து, ஆறவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுவேன். சேறுபோல் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. திரியாக உருண்டு, விரலில் ஒட்டாமல், மெழுகுபோல் வளைந்தால் மெழுகுப் பதம். உருளாமல் மணலாக உதிர்ந்தால் மணல் பதம், உள்ளே கொடுக்கும் நெய்க்கு அது கடந்துபோன பதம். சந்தேகம் இருந்தால் திரியைச் சுடரில் காட்டுவேன். சடசடவென்று வெடித்தால் நீர் மிச்சமிருக்கிறது, அந்த நெய் அலமாரியில் கெட்டுப்போகும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கி, சூட்டோடு துணியில் வடிகட்டிவிடுவேன். நல்ல நெய் பாசிப்பச்சை நிறத்தில், கொஞ்சம் மங்கலாக இருக்கும். சிலர் பளிச்சென்ற பச்சைக்காக நிறம் சேர்க்கிறார்கள். காய்ச்சின நெய்க்கு அந்த நிறம் வரவே வராது.

இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சின நெய் என்ன செய்யும்? இங்கே நான் என் கூட்டத்தாரிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன். வல்லாரை பற்றி மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஓர் அலசல் வந்தது. நினைவாற்றலில் தெளிவான முன்னேற்றம் எதுவும் அதில் தெரியவில்லை. சுறுசுறுப்பான விழிப்பும் மன அமைதியும் கொஞ்சம் கூடலாம் என்ற அளவில்தான் முடிந்தது. நீர்ப்பிரமியின் நிலை மேல். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1960-களிலேயே பகோசைடு எனப்படும் அதன் சபோனின்களை ஆராயத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 300 மில்லிகிராம் சத்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கற்றுக்கொள்ளும் வேகமும் கற்றது தங்குவதும் மேம்பட்டன. 12 வாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் தொடங்கச் சொல்லும் என் வழக்கத்துக்கு இப்படியொரு கணக்கு பொருந்திவந்தது எனக்குச் சந்தோஷம்தான். அந்த 2017 அலசலைப் படித்த பிறகு, சாற்றில் பாதி நீர்ப்பிரமி சேர்க்கத் தொடங்கினேன். நெய் முன்பைவிடக் கசக்கிறது, பிள்ளைகள் திட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஆய்வில் கொடுத்த 300 மில்லிகிராம், பல கிராம் காய்ந்த செடியிலிருந்து பிரித்தெடுத்த சத்து. கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் கேப்சூலுக்குள் இருப்பது வெறும் சூரணமானால், அது ஆய்வின் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. லேபிளில் 'சத்து' என்றிருக்கிறதா, 'பொடி' என்றிருக்கிறதா, பகோசைடு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்க்கிறோம். 'ஞாபகசக்தியைப் பெருக்கும்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நம் மருந்து விதிகளின் ஜெ அட்டவணையில், குணமாக்குவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில், மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் ஒரு வரியாகவே இருக்கின்றன.

நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், ஒன்றிரண்டு தடவை கூடுதலாகப் போகவைக்கும். வெறும் வயிற்றில் வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டீஸ்பூன் நெய், மேலே வெதுவெதுப்பான பால். கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கும் இல்லை. வல்லாரையை வாரக்கணக்கில் சாப்பிட்டு ஈரல் வீங்கியதாக மருத்துவப் பதிவுகள் சில உண்டு. அதனால் ஒரு பாட்டில் முடிந்ததும் இடைவெளி விடச் சொல்கிறேன். கொழுப்பு அதிகமுள்ள பெரியவர்களுக்கு நெய்யை விட்டுவிட்டு, நிழலில் உலர்த்திய சூரணத்தைத் திரிகடி அளவு தேனில் குழைத்துத் தருவேன்.

மற்ற சரக்குகளைப் பற்றியும் கேட்பார்கள். வாலுழுவை அரிசித் தைலம் சூடு, துளிக் கணக்கில் நான் பார்த்துத் தருவது. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து கிடையாது. வசம்பைக் குழந்தை நாக்கில் தடவுவதை விட்டுவிடுங்கள் என்றே சொல்கிறேன். அதிலுள்ள பீட்டா அசரோன் காரணமாக 1968-லேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை வந்தது. அமுக்கரா தூக்கத்துக்கும் படபடப்புக்கும் நல்ல மருந்து, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தானாக எடுக்கக் கூடாது. ஜிங்கோ? அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் வருடக்கணக்கில் சோதித்து 2008-ல் முடிவு வந்தது: மறதி நோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் வேறு. வல்லாரைத் துவையலுக்கு மட்டும் எந்தத் தடையும் சொல்வதில்லை. வல்லாரையோடு புளி சேர்க்காதே என்று எங்கள் பக்கம் ஒரு விதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்துப் பச்சையாகவே சம்பல் போட்டு நன்றாக இருக்கிறார்கள்.

மருந்துக்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகள்தான் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், போன் தலைமாட்டிலா, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, சளிக்கும் அலர்ஜிக்கும் என்ன மாத்திரை போடுகிறாய். தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் நினைவை மந்தமாக்கும். ரத்தசோகையுள்ள பெண்ணுக்கு நெய்யைவிட இரும்புச் சத்துதான் முதலில். வெகுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர் மறதி என்று வந்தால் பி12 பார்க்கச் சொல்லி எழுதித் தருகிறேன்; கூடவே தைராய்டும். சித்த வைத்தியர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறாரே என்று ஆச்சரியப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வயதானவர்களை மகனோ மருமகளோ அழைத்துவரும்போது சாவியை எங்கே வைத்தார் என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அது எனக்கும் மறக்கிறது. சாவி எதற்கு என்பது தெரிகிறதா, தெருமுனைக் கடைக்குப் போய்த் தனியாகத் திரும்பிவருகிறாரா, கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறாரா, பேச்சு நடுவில் பழகின பாத்திரத்தின் பெயர் வராமல் தடுமாறுகிறாரா என்று கேட்பேன். பதில்கள் ஒரு மாதிரி இருந்தால், அன்றைக்கு நெய் கிடையாது. "இதையும் சேர்த்துக் குடுங்களேன் அய்யா, கெடுதல் ஒண்ணும் இல்லையே" என்பார்கள். கெடுதல் என்னவென்றால், பாட்டில் தீரும்வரை பார்ப்போம் என்று மூன்று மாதம் ஓடிவிடும். நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, பார்த்துவிட்டு அந்தச் சீட்டோடு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பிவைப்பேன்.